நாலு வருஷம் காலியாக இருந்த கடைவாய்

பல் போன இடத்தை நாக்கு மறக்காது. வலது பக்கம் கீழே முதல் கடைவாய்ப் பல்லை எடுத்த பிறகு நாலு வருஷமாக என் நாக்கு அந்தப் பள்ளத்தைத் தடவிக்கொண்டேதான் இருந்தது. வேர் சிகிச்சை செய்த பல் அது. மேலே உறைபோல மாட்டும் கேப் போடாமல் நாளைக் கடத்தினேன். ஒருநாள் நெடுக்காகப் பிளந்துவிட்டது, பிடுங்குவதைத் தவிர வேறு வழியில்லை. "ஆறு மாசத்துக்குள்ள அந்த இடத்துல ஒரு பல் வெச்சிடுங்க" என்று மருத்துவர் அன்றைக்கே சொன்னார். சிரித்தால் தெரியாத இடம்தானே, இடது பக்கம் மென்றுகொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த நாலு வருஷத்தில் வாய்க்குள் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பல் போனால் ஒரு பல்தான் போகிறது என்றே நான் நினைத்திருந்தேன். பின்னால் இருந்த பல் மெல்ல மெல்ல அந்த இடைவெளிப் பக்கம் சாய்ந்தது. மேலே எதிரில் இருந்த பல், கடிக்க எதிர்ப்பல் இல்லாததால், கொஞ்சம் கீழே இறங்கியது. சாய்ந்த பல்லின் இடுக்கில் சாப்பிட்டதெல்லாம் போய்ச் சிக்கும், ஈறு வீங்கும். எல்லாவற்றையும் இடது பக்கமே மென்று மென்று, காலையில் எழுந்தால் காதுக்கு முன்னால் தாடை வலிக்கும். அந்த வலிதான் கடைசியில் என்னை மறுபடியும் மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

மூன்று வழிகள் இருப்பதாக அவர் சொன்னார். கழற்றி மாட்டும் பல், பிரிட்ஜ், தாடை எலும்புக்குள் திருகாணி பதித்து அதன் மேல் பல் வைக்கும் இம்ப்ளான்ட். பிரிட்ஜ் சீக்கிரம் முடிந்துவிடும் என்பதால் என் மனசு அந்தப் பக்கம்தான் சாய்ந்தது. அவர் ஒரு மாதிரியை எடுத்துக் காட்டினார். இடைவெளிக்கு இரு பக்கமும் உள்ள பற்களைச் சுற்றிலும் சீவி, சிறு கட்டைபோல ஆக்கி, அவற்றின் மேல் மூன்று பல் சேர்ந்த கேப்பை உட்கார வைக்க வேண்டும். முன்னால் இருந்த சின்னக் கடைவாய்ப் பல்லில் எனக்கு ஒரு சொத்தைகூட இல்லை. ஒரு பல்லை என் அலட்சியத்தால் இழந்த பிறகு, நல்ல பல் ஒன்றை நானே சீவக் கொடுக்க மனம் வரவில்லை. அப்போதே இம்ப்ளான்ட் என்று முடிவு செய்துவிட்டேன்.

அடுத்தது ஸ்கேன். சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பின் உயரம்தான் தெரியும், அகலம் தெரியாது. அதற்காகத் தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிடி ஸ்கேன் எடுக்கிறார்கள். கீழ்த் தாடைக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. கீழ் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தருவது அதுதான். திருகாணியின் நுனிக்கும் அந்த நரம்புக்கும் நடுவில் குறைந்தது 2 மி.மீ. விட வேண்டும் என்றார். உயரம் எனக்குப் போதுமானதாக இருந்தது. அகலத்தில்தான் சிக்கல். பல்லின் வேர் வழியாக வருகிற கடி அழுத்தம்தான் தாடை எலும்பை உயிர்ப்போடு வைத்திருக்கிறது. பல் போனதும் எலும்புக்கு வேலை இல்லை, கரையத் தொடங்குகிறது. பெரும்பகுதி முதல் ஓராண்டுக்குள்ளேயே நடந்துவிடுகிறதாம். ஸ்கேனில் என் தாடையின் விளிம்பு அந்த இடத்தில் மட்டும் உள்பக்கம் குழிந்திருந்தது. "அப்பவே வந்திருந்தா, குழிஞ்ச இடத்துல எலும்புத்தூள் வைக்க வேண்டி வந்திருக்காதுன்னு நினைக்கிறேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு வருத்தமாகவே இருந்தது.

அப்புறம் வரிசையாகக் கேள்விகள். சர்க்கரை இருக்கிறதா, புகை பிடிப்பீர்களா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து எடுக்கிறீர்களா? இதில் எதையும் மறைக்காதீர்கள். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையும் புகைப்பழக்கமும் திருகாணியோடு எலும்பு ஒட்டுவதைக் கெடுக்கும். எலும்புத் தேய்மான மருந்துகள் சிலவற்றால் தாடைப் புண் ஆறாமல் போகும் ஆபத்து உண்டு.

சிகிச்சை நாளன்று நான் பயந்தது எலும்பில் துளை போடுவதற்கு. ஊசி போட்டுக் கால் மணி நேரத்தில் உதடு, நாக்கு, கன்னம் எல்லாம் மரத்துவிட்டன. ஈறைக் கீறியது தெரியவே இல்லை. டிரில் நான் நினைத்ததைவிட மெதுவாகச் சுற்றியது, அதன் மேல் உப்புநீர் விடாமல் ஊற்றிக்கொண்டே இருந்தது. எலும்பு சூடாகிவிடக் கூடாதாம். 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே எலும்பு செல்கள் பாதிக்கப்படும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். வலி இல்லை. மண்டைக்குள் ஒரு அதிர்வு, அவ்வளவுதான். கடைசியில் திருகாணியை ஒரு சின்ன ஸ்பேனர் போன்ற கருவியால் கையாலேயே முடுக்கினார். 'கிளிக், கிளிக்' என்று காதுக்குள் கேட்டது. 4 மி.மீ. அகலம், 10 மி.மீ. நீளம், முழுக்க டைட்டானியம். குழிந்த பக்கத்தில் எலும்புத்தூள் வைத்து, மேலே மெல்லிய சவ்வு ஒன்றைப் போர்த்தித் தையல் போட்டார்.

மூன்று நாள் கன்னம் வீங்கியிருந்தது. ஐஸ் ஒத்தடம், மாத்திரை, ஆறிய மென்மையான சாப்பாடு. சத்தியமாகச் சொல்கிறேன், பல் பிடுங்கிய நாளின் வலி இதைவிட அதிகம்.

அதன் பிறகு, எலும்பு திருகாணியோடு ஒட்டுவதற்காக நாலரை மாதம் காத்திருந்தேன். இந்த இடத்தில்தான் பலருக்குப் பொறுமை போய்விடும். எனக்கு உதவியது இதன் பின்னால் இருக்கும் கதை. 1952-ல் ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனமார்க், எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காக முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து கழற்றப் போனால் வரவில்லை. எலும்பு அந்த உலோகத்தோடு அப்படி ஒட்டி வளர்ந்திருந்தது. 1965-ல் முதல் மனிதருக்குப் பொருத்தினார். அந்த மனிதர் 2006-ல் இறக்கும்வரை, 40 ஆண்டுகளுக்கு மேல், அதே இம்ப்ளான்ட்டுகளோடு வாழ்ந்தார். என் தாடைக்குள்ளும் அந்த வேலைதான் சத்தமில்லாமல் நடக்கிறது என்று நினைத்தபோது காத்திருப்பது பாரமாகத் தெரியவில்லை.

எலும்பு பிடித்ததும் ஈறைச் சிறிதாகத் திறந்து ஒரு மூடி வைத்தார்கள். இரண்டு வாரம் கழித்து அளவு, அதற்கு அடுத்த வாரம் ஜிர்கோனியா என்ற பீங்கான் வகையில் செய்த கேப். நீலத்தாளைக் கடிக்கச் சொல்லிச் சொல்லி, உயர்ந்த இடங்களைத் தேய்த்தார். கீழே இறங்கிவிட்ட மேல்பல்லையும் கொஞ்சம் தேய்க்க வேண்டி வந்தது. அதுவும் நான் தாமதித்ததன் விலை.

முதல் வாரம் கொஞ்சம் விநோதமாக இருந்தது. சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்லிய நார்த்திசு உண்டு, சின்னக் கல் கடிபட்டாலும் உடனே சொல்லிவிடும். இம்ப்ளான்ட்டுக்கு அது கிடையாது, அழுத்தம் மந்தமாகத்தான் தெரியும். இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிட்டது. ஒருநாள் வலது பக்கமே ஆப்பிளை மென்றுகொண்டிருப்பதைப் பாதியில்தான் கவனித்தேன். தாடை வலி போய்விட்டது. இடுக்கில் சிக்குவது வெகுவாகக் குறைந்துவிட்டது.

இம்ப்ளான்ட் சொத்தை பிடிக்காத பல்தான், ஆனால் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் நோய்ப்படும். அழுக்கு சேரவிட்டால் எலும்பு கரைந்து, நன்றாக ஒட்டிய திருகாணியே ஆடிப்போகலாம். தினமும் இரவில் இடுக்கு பிரஷ், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் என்று வைத்திருக்கிறேன். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பத்தாண்டுகளுக்குப் பிறகும் பத்தில் ஒன்பதுக்கு மேல் நிலைத்திருக்கின்றன.

இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அப்பா. அவருக்குக் கீழே ஒரு பல்கூட இல்லை, பல் செட்தான். கீழ்ச் செட்டுக்குப் பிடிமானம் குறைவு, நாக்கு அசைந்தாலே மிதக்கும். பேசும்போது அதைக் கீழ் உதட்டால் அழுத்திப் பிடித்தபடியே பேசுவார். இந்த வயதில் முடியுமா என்று கேட்டார். வயதைவிட உடல்நிலைதான் முக்கியம் என்றார் மருத்துவர். முழுக்கப் பல் இல்லாத கீழ்த் தாடைக்கு இரண்டு இம்ப்ளான்ட் வைத்து அதன் மேல் செட் மாட்டுவதே முதல் தெரிவாக இருக்க வேண்டும் என்று 2002-லேயே மாண்ட்ரியலில் கூடிய வல்லுநர்கள் பரிந்துரைத்திருக்கிறார்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர அப்பாவுக்கு மூன்று மாதம் ஆயிற்று. அதன் பிறகு முன்பக்கம் இரண்டு திருகாணி வைத்தார்கள்.

இப்போது காலையில் செட்டைக் கழுவி வந்து கட்டைவிரல்களால் அழுத்துவார். இரண்டு பக்கமும் 'டக், டக்' என்று மாட்டிக்கொள்ளும். அந்தச் சத்தம் அடுத்த அறை வரைக்கும் கேட்கும். உடனே வாயைத் திறந்து பேச ஆரம்பித்துவிடுவார், உதட்டை அழுத்தாமல்.