13 ஆண்டு வரலாற்றோடு எஸ்விஎன்னிலிருந்து கிட்டுக்கு மாறிய அனுபவம்

2023 டிசம்பர் 4 அன்று, மிக்ஜாம் புயல் மழையில், தண்டையார்ப்பேட்டையில் தரைத்தளத்தில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்குள் தண்ணீர் புகுந்தது. எங்கள் நிரல்கள் அனைத்தையும் வைத்திருந்த சர்வர் பெட்டி, மேசைக்கு அடியில் தரையில்தான் இருந்தது. இரவுக் காவலில் இருந்த அண்ணன் அதைத் தூக்கி மேசைமேல் வைத்திராவிட்டால், 2010 முதல் நாங்கள் எழுதிய ஒவ்வொரு மாற்றத்தின் பதிவும் அன்றோடு போயிருக்கும். மின்சாரம் திரும்பி வந்து, சர்வர் மறுபடியும் ஓடத் தொடங்கும்வரை எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. காப்புப் பிரதி என்று ஒரு டிஸ்க் இருந்தது. அதுவும் அதே மேசையின் கீழ் இழுப்பறையில் இருந்தது.

நாங்கள் கன்டெய்னர் யார்டுகளுக்கும், சரக்கைச் சுங்கத்தில் விடுவித்துத் தரும் கிளியரிங் ஏஜென்டுகளுக்கும் பில்லிங் மென்பொருள் எழுதுபவர்கள். வண்டி உள்ளே வந்த நேரம், வாடகையில்லா நாட்கள், அதற்குப் பிறகு நாளொன்றுக்கு எவ்வளவு என்ற கணக்குகள்தான் எங்கள் வேலையில் பெரும்பங்கு. இந்த நிரல்களை, ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் மென்பொருளான சப்வெர்ஷனில் (சுருக்கமாக எஸ்விஎன்) வைத்திருந்தோம். அதில் முழு வரலாறும் மைய சர்வரில் மட்டுமே இருக்கும். ஒவ்வொருவர் கணினியிலும் இருப்பது அவர் கடைசியாக எடுத்த நிலை மட்டுமே. 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய, இதே வேலையைச் செய்யும் கிட்டிலோ, குளோன் (முழு நகல்) எடுக்கும் ஒவ்வொருவரிடமும் முழு வரலாறும் வந்து சேர்ந்துவிடுகிறது. வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் முதலாளிக்கு இந்த ஒரு வேறுபாட்டைத் தவிர வேறெதையும் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இன்றைய நிலையை மட்டும் கிட்டில் முதல் கமிட்டாக, அதாவது முதல் மாற்றப் பதிவாகப் போட்டுவிட்டு, பழையதை அப்படியே மூடி வைத்துவிடலாம் என்று அலுவலகத்தில் சிலர் சொன்னார்கள். அரை நாளில் முடியும் வேலை அது. நான் மறுத்தேன். ஒரு யார்டு மேலாளர் எதற்காக ஒரு விதிவிலக்குக் கேட்டார், அதை யார், எந்தத் தேதியில் சேர்த்தார் என்பதெல்லாம் எங்களிடம் வேறெந்த ஆவணத்திலும் இல்லை. ஒவ்வொரு மாற்றத்தோடும் எழுதிய கமிட் செய்திகளில் மட்டுமே இருந்தது.

வேலை பயனர் பெயர்களில் தொடங்கியது. எஸ்விஎன் ஒரு பயனர் பெயரை மட்டும் பதிகிறது; கிட்டுக்குப் பெயரும் மின்னஞ்சலும் வேண்டும். எனவே, இந்தப் பயனர் இன்னார் என்று வரிக்கு ஒன்றாக எழுதிய ஆசிரியர் கோப்பு ஒன்றைத் தயாரிக்க வேண்டும். எங்கள் களஞ்சியத்தில் (நிரல்களும் அவற்றின் வரலாறும் சேர்ந்த தொகுப்பில்) 17 பயனர் பெயர்கள் இருந்தன. அவர்களில் ஆறு பேர் மட்டுமே இன்னும் பணியில் இருக்கிறார்கள். ‘அட்மின்’ என்ற பெயரை மூன்று பேர் வெவ்வேறு காலங்களில் பயன்படுத்தியிருந்தார்கள். தேதியை வைத்துப் பிரிக்க முயன்று, ஒரு மாதம் அவர்களில் இருவர் அதைப் பயன்படுத்தியிருப்பது தெரிந்ததும் விட்டுவிட்டேன். தவறான பெயரை எழுதுவதைவிட ‘அலுவலகப் பொதுக்கணக்கு’ என்று எழுதுவது நேர்மையானது.

கிட் எஸ்விஎன் என்ற கருவி எஸ்விஎன்னில் உள்ள மாற்றங்களை ஒவ்வொன்றாகப் படித்துக் கிட்டுக்கு எடுக்கும். எங்களிடம் 9,400-க்கு மேல் இருந்தன. நெட்வொர்க் வழியாக ஓடவிட்டபோது முதல் இரவு முழுவதும் கழிந்தும் 2,000-ஐத் தாண்டவில்லை. பிறகு களஞ்சியத்தையே ஹாட்காப்பி என்ற எஸ்விஎன்னின் நகலெடுப்புக் கட்டளை மூலம் என் கணினிக்கு நகலெடுத்து, அங்கிருந்தே படிக்க வைத்தேன்; வேகம் பல மடங்கு கூடியது. இடையில் ஒரு முறை மின்சாரம் போனது. மாற்றங்களை எடுக்கும் ஃபெட்ச் கட்டளையை மீண்டும் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்தே தொடரும் என்பதால் எதுவும் வீணாகவில்லை. டேக் என்பது ஒரு வெளியீட்டின் நிலைக்கு இடும் பெயர். எஸ்விஎன்னில் அது வெறும் அடைவின் (ஃபோல்டரின்) நகல் என்பதால், கிட்டுக்கு மாறிய பிறகு டேக்குகள் கிளைகளாகவே (தனியாகத் தொடரக்கூடிய வரலாறுகளாகவே) வந்து நிற்கும். அவற்றை உண்மையான டேக்குகளாக மாற்ற ஒரு சிறு ஸ்கிரிப்ட் போதுமானதாக இருந்தது.

இப்படி மாறிவந்தது பழையதோடு அப்படியே பொருந்துகிறதா என்று சரிபார்ப்பதில்தான் அதிக நாட்கள் போயின. எஸ்விஎன்னிலிருந்து ஒரு வெளியீட்டின் கோப்புகளை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து, கிட்டில் அதே டேக்கை எடுத்து, இரண்டு அடைவுகளையும் ஒப்பிட்டேன். முதல் ஒப்பீட்டிலேயே ஏறக்குறைய எல்லாக் கோப்புகளும் வேறுபட்டன. பாதி வேறுபாடு, ஒவ்வொரு வரியின் முடிவையும் குறிக்கும் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளால் வந்தது: அப்படி மாற்றச் சொல்லிக் குறித்து வைத்த கோப்புகளை எஸ்விஎன் விண்டோஸில் எக்ஸ்போர்ட் செய்யும்போது வரி முடிவுகளை விண்டோஸ் முறைக்கு மாற்றிக் கொடுக்கிறது, கிட் எஸ்விஎன்னோ களஞ்சியத்தில் உள்ளபடியே எடுக்கிறது. மீதிப் பாதி, கோப்புகளின் தலைப்பில் நாங்கள் வைத்திருந்த ‘ரிவிஷன்’ என்ற சிறப்புச் சொல்லால் வந்தது. அந்த இடத்தில் எஸ்விஎன் தானாகவே மாற்ற எண்ணை நிரப்பும், கிட் நிரப்பாது. இந்த நிரப்பலை நிறுத்தவும், வரி முடிவை ஒரே முறையில் தரச் சொல்லவும் எக்ஸ்போர்ட் கட்டளையிலேயே வழி இருக்கிறது. அவற்றைக் கொடுத்த பிறகு 23 டேக்குகளும் ஒரு எழுத்துகூட மாறாமல் பொருந்தின. அதைத் திரையில் பார்த்தபோது எனக்கு உண்டான நிம்மதியைச் சொல்லி மாளாது.

அந்த ‘ரிவிஷன்’ விவகாரம் அதோடு முடியவில்லை. எங்கள் மென்பொருளின் திரையில், கீழே வலது மூலையில் தெரியும் பதிப்பு எண்ணும் அதே சொல்லிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. யார்டிலிருந்து அழைப்பவர்கள், “சார், கீழே 8812-னு காட்டுது” என்று சொல்லிவிட்டுத்தான் பேச்சையே தொடங்குவார்கள். கிட்டில் கமிட்டின் அடையாளம், அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் 40 இலக்க ஹாஷ். எண்ணும் எழுத்தும் கலந்த அதன் முதல் ஏழு இலக்கங்களைக்கூட லாரிச் சத்தத்துக்கு நடுவே தொலைபேசியில் ஒருவரைப் படிக்கச் சொல்வது முறையாகாது. எனவே அதுவரையான கமிட்டுகளின் எண்ணிக்கையைக் கிட்டிடமே கேட்டு, பில்ட் செய்யும்போது (நிரலை ஓடக்கூடிய மென்பொருளாக ஆக்கும்போது) அதைத் திரையில் பதிக்கும்படி செய்தோம். பழைய டெலிவரி சீட்டுகளில் இருக்கும் எஸ்விஎன் எண்களுக்காக, ஒவ்வொரு கமிட் செய்தியின் அடியிலும் கிட் எஸ்விஎன் சேர்க்கும் அடையாள வரியை நீக்காமல் விட்டேன். பார்க்க அழகாக இல்லை என்று அதைத் தவிர்ப்பவர்கள் உண்டு. அடுத்தவரிடம் கொடுத்துவிட்ட எண்கள் உங்களிடமும் இருந்தால் அந்த வரியைத் தவிர்க்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து.

வரலாற்றை முழுதாகப் புரட்டிப் பார்த்தபோது, 2013-இல் ஒரு கோப்பில் டேட்டாபேஸ் கடவுச்சொல் எழுதப்பட்டிருப்பதையும் கண்டேன். பின்னால் நீக்கியிருந்தாலும், குளோன் எடுக்கும் எல்லோருக்கும் அது போய்ச் சேரும். பழைய கமிட்டுகளைத் திருத்தி எழுதும் கிட் ஃபில்டர் ரெப்போ என்ற கருவி கொண்டு அதை வரலாறு முழுவதிலும் அழித்தேன். அந்தக் கமிட்டுக்கும் அதற்குப் பிறகு வரும் எல்லாவற்றுக்கும் ஹாஷ் மாறிவிடும் என்பதால், மற்றவர்கள் குளோன் எடுப்பதற்கு முன்பே இதைச் செய்தாக வேண்டும். அதற்கும் முன்பாகக் கடவுச்சொல்லையே மாற்றிவிட்டோம்.

2024 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மாலை, கமிட் வரும்போது தானாக ஓடி அதை மறுக்கும் ஒரு ஸ்கிரிப்டை (ஹுக்) எஸ்விஎன் சர்வரில் வைத்து அதைப் படிக்க மட்டும் என்று ஆக்கினேன். திங்கட்கிழமை காலை எல்லோரும் கிட்டில் தொடங்கினார்கள். முதல் சிக்கல் அன்றே வந்தது: புதிய கணினியில் பில் அச்சாகவில்லை. அச்சுக் கோப்புகள் போய் விழ வேண்டிய காலி அடைவைக் கிட் பதிவதில்லை. அதற்குள் ஒரு பெயரளவுக் கோப்பை வைத்ததும் சரியானது. அடுத்தது பழக்கம் சார்ந்தது. எஸ்விஎன்னில் கமிட் என்றால் சர்வருக்குப் போய்விட்டது என்று பொருள். கிட்டில் கமிட் உங்கள் கணினியிலேயே நிற்கும். புஷ் செய்தால்தான் போகும். “நான் புதன்கிழமையே கமிட் பண்ணிட்டேன், சார்” என்று வருத்தத்தோடு சொன்ன தம்பியின் கணினியில் மூன்று நாள் வேலை தங்கியிருந்தது. அவர் மீது தவறில்லை; இந்த ஒன்றை முதல் நாளே நான் எல்லோரையும் உட்கார வைத்துச் செய்து காட்டியிருக்க வேண்டும்.

ஜூனில், மணலியில் புதிதாக எங்களிடம் வந்த ஒரு யார்டு, வாடகையில்லா நாட்களில் ஒரு நாள் குறைவாகக் கணக்கிடப்படுவதாகச் சொன்னது. பழைய ஒரு டேக்கில் கணக்குச் சரியாக வந்தது. அடுத்த டேக்கில் தவறாக வந்தது. நடுவில் ஏறத்தாழ 500 கமிட்டுகள். தவறு நுழைந்த கமிட்டைத் தேடும் கிட் பைசெக்ட் கட்டளை ஒவ்வொரு முறையும் தேடும் எல்லையைப் பாதியாக்குவதால் ஒன்பது சோதனைகளே தேவை. ஒரு கன்டெய்னரின் வருகைத் தேதியைக் கொடுத்து விடையைச் சரிபார்க்கும் சிறு ஸ்கிரிப்டை எழுதினேன். பில்ட் ஆகாத கமிட்டைத் தாண்டிச் செல்ல அது 125 என்ற எண்ணைத் திருப்பித் தரும்படி வைத்தேன். தேநீர் குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் பைசெக்ட் ஒரு கமிட்டில் வந்து நின்றிருந்தது. 2016-ஆம் ஆண்டு அது; செய்தி, ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழில் இருந்தது: “வந்த நாளையும் சேர்க்கணும், போனில் கேட்டாங்க”.

எழுதியவர் ஓய்வுபெற்று இப்போது திருவொற்றியூரில் இருக்கும் எங்கள் மூத்த நிரலாளர். அவரை அழைத்துக் கமிட் செய்தியைப் படித்துக் காட்டினேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தவர், “ஆமாப்பா, அது அந்த ஒரு யார்டுக்கு மட்டும்தான் கேட்டாங்க. அவசரத்துல எல்லாருக்குமா போட்டுட்டேன் போல” என்றார். வந்த நாளைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை யார்டுக்கு யார்டு தேர்வு செய்யும் அமைப்பாக மாற்றினேன். அந்தக் கமிட்டின் செய்தியில் எந்த யார்டு கேட்டது, எப்போது கேட்டது, அவர் தொலைபேசியில் சொன்னது என்ன என்று எல்லாவற்றையும் எழுதி, அன்று மாலையே புஷ் செய்தேன்.