சிவந்த கண்ணைப் பார்த்ததும் பெயர் வைத்துவிடாதீர்கள்

எம்.பி.பி.எஸ். படிக்கும்போது கண் மருத்துவத்தைக் கடைசி இரண்டு வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று சீனியர்கள் சொல்வார்கள். நானும் நம்பினேன். ஈரோட்டுப் பக்கம் ஓபியில் (புறநோயாளிகள் பிரிவில்) உட்கார்ந்த முதல் திங்கட்கிழமையே அந்த நம்பிக்கை போய்விட்டது.

காங்கேயத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். "சோளத்தட்டு அறுக்கறப்ப தோகை கண்ணுல அடிச்சிருச்சுங்க கண்ணு, ஆறு நாளாச்சு" என்றார். டார்ச் அடித்துப் பார்த்தேன். கண் சிவந்து நீர் வடிந்தது. மெட்ராஸ் ஐ என்று எழுதினேன். யூனிட் டாக்டர் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "பார்வை எவ்வளவு? பியூப்பில் எப்படி இருக்கு?" என்று கேட்டார். பியூப்பில் என்பது கண்ணின் நடுவிலுள்ள கருந்துளை. இரண்டையும் நான் பார்க்கவே இல்லை.

ஃபுளோரசின் என்ற சாயம் தோய்ந்த காகிதப் பட்டையை நனைத்து இமைக்குள் தொட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தபோது கருவிழி (கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலம்) நடுவே ஒரு புண் பச்சையாகத் தெரிந்தது. பரப்பு வறண்டு, ஓரம் இறகு மாதிரிப் பிரிந்து, பக்கத்தில் இரண்டு சின்னப் புள்ளிகள். புண் அவ்வளவு இருந்தும் அவர் சொன்ன வலி குறைவு. பூஞ்சைப் புண்ணில் இது வழக்கம். சுரண்டி எடுத்து கேஓஎச் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) கரைசல் போட்டு நுண்ணோக்கியில் பார்த்ததில் பூஞ்சை இழைகள் தெரிந்தன. பூஞ்சைக்கான நாட்டாமைசின் 5 சதவீத சொட்டு மருந்தை மணிக்கொரு தடவை விடச் சொன்னோம்.

அந்த அம்மாவின் பையில் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஒரு பாட்டில் இருந்தது. ஸ்டீராய்டு கலந்தது. அது சிவப்பைக் குறைத்துக் காட்டும். உள்ளே பூஞ்சை நன்றாக வளரும். அதனால் "இதுவரைக்கும் கண்ணுல என்னென்ன விட்டீங்க?" என்று கேட்காமல் யாரையும் அனுப்பாதீர்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எல்லாம் நாமாகக் கேட்டால்தான் வெளியே வரும். சாயம் போட்டுப் பார்க்காத சிவந்த கண்ணுக்கு ஸ்டீராய்டு எழுதவே கூடாது. தேர்விலும் சரி, ஓபியிலும் சரி, இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வரிசை இதுதான்: ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்வை, அப்புறம் டார்ச், பியூப்பில், கடைசியில் சாயம். சாதாரண மெட்ராஸ் ஐயில் பார்வையும் பியூப்பிலும் கெடாது. வலியோடு வெளிச்சம் கூசி, பியூப்பில் சுருங்கியிருந்தால் ஐரைட்டிஸ், அதாவது பியூப்பிலைச் சுற்றியுள்ள நிறத் திரையான ஐரிஸின் அழற்சி என்று நினையுங்கள். பாதி விரிந்து, வெளிச்சத்துக்கு அசையாமல் நின்று, கருவிழியும் மங்கலாக இருந்தால் ஆங்கிள் குளோஷர் குளுக்கோமா: கண்ணுக்குள் நீர் வடியும் கோணம் அடைபட்டு அழுத்தம் ஏறும் நோய். இவர்களில் சிலர் தலைவலி, வாந்தி என்று மெடிசின் வார்டுக்குப் போய்விடுகிறார்கள். எங்களிடம் அப்படி வந்த பெரியவருக்குக் கண் அழுத்தம் 50 மி.மீ. பாதரசத்தைத் தாண்டியிருந்தது. 10 முதல் 21 வரைதான் இயல்பு. மருந்தால் அழுத்தத்தை இறக்கிய பிறகு லேசரில் ஐரிஸில் துளை போட்டார்கள். வலி இல்லாத அடுத்த கண்ணுக்கும் ஏன் போட வேண்டும் என்பது வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்கப்படும் கேள்வி: அந்தக் கண்ணின் அமைப்பும் பெரும்பாலும் அதே குறுகலானதுதான்.

இந்த வரிசையை மீற வேண்டிய இடம் ஒன்று உண்டு. சுண்ணாம்போ ஆசிடோ பட்டு வந்தால் பார்வை சோதிக்க நிற்காதீர்கள். உடனே கழுவுங்கள், அரை மணி நேரமாவது. இமையைப் புரட்டி, ஒட்டியிருக்கும் துணுக்கையும் எடுங்கள்.

கோயம்புத்தூர் பட்டறைகளிலிருந்து வருபவர்களிடம் கிரைண்டிங்கா, சுத்தியல்-உளியா என்று பிரித்துக் கேளுங்கள். கிரைண்டிங் பொறி பெரும்பாலும் கருவிழி மேலேயே ஒட்டி, துரு வளையம் விடும். உளியில் தெறித்த துண்டு கண்ணுக்குள்ளேயே புகுந்திருக்கலாம். வெளியே காயம் தெரியாமலும் இருக்கும். எக்ஸ்ரேயோ சிடியோ எடுங்கள். இரும்பு உள்ளே இருக்கலாம் என்கிறபோது எம்ஆர்ஐ கூடாது. கண்ணை அழுத்திக் கட்டவும் கூடாது.

தேர்வில் லாங் கேஸ் (ஒரு நோயாளியை முழுதாகப் பரிசோதித்துச் சொல்லும் பகுதி) எனக்குக் கண்புரைதான் வந்தது. உங்களுக்கும் அதுவே வரலாம். புரை எவ்வளவு முற்றியிருக்கிறது என்று அறிய ஐரிஸ் நிழல் விழுகிறதா என்று எல்லாரும் பார்த்துவிடுகிறார்கள். மூக்கோரக் கண்ணீர்ப் பையை அழுத்திப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். அங்கே சீழ் வந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். இல்லையென்றால் அறுவை முடிந்த கண்ணுக்குள் கிருமி போய்விடும்.

மேல் இமையைப் புரட்டுவதை மட்டும் புத்தகத்தில் கற்க முடியாது. நான் ஹாஸ்டலில் அறைத் தோழர்களைக் கெஞ்சி, கையைக் கழுவிவிட்டு, அவர்கள் இமையில்தான் பழகினேன். கீழே பார்க்கச் சொல்லி, இமை முடியைப் பிடித்துப் புரட்ட வேண்டும். பத்துப் பேருக்குச் செய்த பிறகுதான் கை வந்தது.