மைலோ டின்னில் இருந்த பத்து வரிகள்

சுங்கை சிப்புட் சந்தைக்கு வெளியே மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்திருந்த மடிக்கணினிப் பை, நான் கீரைக்குக் காசு கொடுத்துத் திரும்புவதற்குள் காணாமல் போனது. போலீஸ் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் வயிறு கலங்கியது. கணினி போனால் போகட்டும், பழசு. ஆனால் என் ஜிபிஜி இரகசியச் சாவி அதற்குள்தான் இருந்தது. ஜிபிஜி என்பது மின்னஞ்சலைப் பூட்டி அனுப்பும் மென்பொருள். என் பொதுச் சாவியால் பிறர் எனக்குப் பூட்டி அனுப்புவார்கள்; இரகசியச் சாவியால் நான் திறப்பேன், கையொப்பமும் இடுவேன்.

தோட்டத்தில் பிறந்தும் முறையான பிறப்புப் பத்திரம் இல்லாமல், குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அடையாள அட்டையோடோ அதுகூட இல்லாமலோ காலம் தள்ளுகிறவர்களின் ஆவணங்களைத் திரட்டி, ஈப்போவில் இருக்கும் ஒரு வழக்கறிஞருக்கு அனுப்புகிறோம். நாங்கள் நான்கு பேர். அனுப்புவதெல்லாம் மறையாக்கம் செய்த மின்னஞ்சலில்தான். என் சாவிக்குக் கடவுச்சொல் இருந்தது. ஆனால் அது அம்மாவின் பெயரும் பழைய லயத்து வீட்டு எண்ணும். ஊரில் பாதிப் பேர் ஊகித்துவிடுவார்கள்.

முதலில் அஞ்சல் பெட்டியின் கடவுச்சொல்லை மாற்றினேன். அடுத்தது சாவியை ரத்து செய்வது. அதனால் பழைய கடிதங்கள் பூட்டிக்கொள்வதில்லை. இரகசியச் சாவியும் கடிதங்களும் கையில் இருப்பவன் எப்போதும் படிக்கலாம். ரத்து என்பது 'இனி இந்தச் சாவிக்கு எதுவும் அனுப்பாதீர்கள், இதன் கையொப்பத்தை நம்பாதீர்கள்' என்ற அறிவிப்பு, அவ்வளவுதான்.

சாவியை உருவாக்கும்போதே ஜிபிஜி ஒரு ரத்துச் சான்றையும் தானாக எழுதி வைத்துவிடுகிறது. அன்று ஏதோ நல்ல புத்தியில் அதை அச்சிட்டு, வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் மைலோ டின்னில் போட்டிருந்தேன். தம்பியின் கணினியில் உட்கார்ந்து அந்தப் பத்து வரிகளையும் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினேன். அது ஒன்றா, சிறிய எல்லா? பூஜ்யமா, ஓவா? இரண்டு மணி நேரம் ஆனது. உள்ளே ஏற்றினால், சரியான தரவு எதுவும் இல்லை என்றது ஜிபிஜி. பார்த்தால், முதல் வரியின் தொடக்கத்தில் இருந்த முக்காற்புள்ளியையும் சேர்த்தே தட்டியிருக்கிறேன். யாரும் கைதவறி ரத்து செய்துவிடக் கூடாது என்பதற்காக ஜிபிஜியே வைக்கும் தடை அது. நீக்கினேன். இப்போது வேறு புகார்: பொதுச் சாவி இல்லையாம். இரகசியச் சாவியோடு பொதுச் சாவியும் திருடனோடு போய்விட்டதே!

"அக்கா, என் பொதுச் சாவி உங்களிடம் இருக்கிறதல்லவா, அதை எனக்கே அனுப்புங்கள்" என்று வழக்கறிஞரைக் கேட்டேன். சிரித்துக்கொண்டே அனுப்பினார். அதன்மேல் சான்றை ஏற்றியதும் சாவி செத்தது. தானாக எழுதப்பட்ட சான்று என்பதால் காரணம் எதுவும் அதில் பதிவாகவில்லை. 'பிறர் கையில் சிக்கிவிட்டது' என்று சேர்க்க இரகசியச் சாவி வேண்டும்.

செத்த சாவியை, பிறர் சாவிகளைத் தேடி எடுக்கும் ஒரு பொதுச் சர்வரில் ஏற்றிவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். முடியவில்லை. வழக்கறிஞர், சாவிகளை நிர்வகிக்கும் தம் கிளியோபட்ரா செயலியில் எத்தனை முறை புதுப்பித்தாலும் பழைய சாவி உயிரோடுதான் இருந்தது. தவறு என்னுடையது. முகவரி உரியவருடையதுதானா என்று மின்னஞ்சல் வழியாக உறுதி செய்த பிறகே அந்தச் சர்வர் பெயரையும் முகவரியையும் சாவியோடு சேர்த்துக் கொடுக்கும். அந்த உறுதிக் கடிதத்தை நான் அன்று சொடுக்கவே இல்லை. ஆகவே பெயரில்லாத சாவியாகத்தான் ரத்துச் செய்தி போனது. பெயரில்லாததை ஜிபிஜி ஏற்காமல் தள்ளிவிட்டது. பிறகு ரத்தான சாவியைக் கோப்பாகவே அனுப்பினேன். அதில் பழைய சாவியின் கையொப்பமே இருப்பதால், யார் கையில் கொடுத்தனுப்பினாலும் செல்லும்.

புதுச் சாவிக்கு அந்தச் சலுகை கிடையாது. என் பெயரில் எவன் வேண்டுமானாலும் ஒன்றை உருவாக்கி அனுப்பலாம். அதனால் சாவியை அடையாளம் காட்டும் எண்ணெழுத்து வரிசையான கைரேகையை வழக்கறிஞருக்குத் தொலைபேசியில் வாசித்தேன். நாற்பது எழுத்து, நான்கு நான்காக. பியும் டியும் காதில் ஒன்றுபோல விழுந்ததால், பட்டர்வொர்த் பி, டெங்கில் டி என்று வாசிக்க வேண்டியதாயிற்று.

இன்னொன்றை நான் எதிர்பார்க்கவில்லை. வழக்கறிஞர் என் பழைய சாவிக்கு முழு நம்பிக்கை அளித்திருந்தார். அப்படி அளித்தால், 'இது உரியவருடையதுதான்' என்று நான் கையொப்பமிட்ட ஒவ்வொரு சாவியும் அவர் கணினியில் தானாகவே செல்லுபடியாகும். அரை நம்பிக்கை என்றால் மூன்று பேர் கையொப்பம் வேண்டும். என் சாவி ரத்தானதும், என் வழியாக நம்பப்பட்ட இரண்டு பேரின் சாவிகளும் அவரிடம் அந்நியமாகிவிட்டன. இருவரையும் நேரில் பார்த்து, கைரேகை சரிபார்த்து, புதுச் சாவியால் மறுபடியும் கையொப்பமிட்டேன். இந்த முறை சாவிக்கு இரண்டு வருடக் காலாவதியும் வைத்தேன். பழையதற்கு வைக்காதது சோம்பல்தான்.

மூன்று வாரம் கழித்து கோலகங்சாரில் இருக்கும் எங்கள் ஆள் ஒருவர் நான்கு பிறப்புப் பத்திரங்களை அனுப்பினார். திறக்க முடியவில்லை. பழைய சாவிக்கே பூட்டியிருந்தார்.

"நீங்கள் அனுப்பிய கோப்பு வந்தது தங்கச்சி, அதை என்ன செய்வதென்று தெரியாமல் விட்டுவிட்டேன்" என்றார். மறுநாள் பஸ் ஏறிப் போய் நானே அவர் கணினியில் ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.