மொறிஸ் மைனரின் கைப்பிடிகளைக் கழற்றிப் பெயின்ற் அடித்த அனுபவம்

"கைப்பிடி ஒண்டும் கழட்டத் தேவையில்லைத் தம்பி, ரேப் ஒட்டி அடிச்சு விடலாம்" என்றுதான் பெயின்ரர் அண்ணை முதலில் சொன்னார். எங்கள் 1959 மொறிஸ் மைனர் 1000 காருக்கு முன்பும் அப்படித்தான் அடித்திருந்தார்கள். ரேப் ஒட்டிய கோட்டில் பெயின்ற் வெடித்து, அதற்குள் தண்ணீர் இறங்கி, கைப்பிடியைச் சுற்றிக் கறள் கிளம்பியிருந்தது. யாழ்ப்பாணத்து உப்புக் காற்றில் இதற்குக் கனகாலம் வேண்டாம். இந்த முறை எல்லாவற்றையும் கழற்றித்தான் அடிப்பது என்று பிடிவாதமாக நின்றேன். கழற்றுவதும் பூட்டுவதும் என் பொறுப்பு என்றதும் அவரும் சம்மதித்தார்.

வெளிக் கைப்பிடியைப் பிடித்திருப்பது கதவின் உட்பக்கம். அதனால் வேலை உள்ளேதான் தொடங்கும். முதலில் யன்னல் கண்ணாடியை முழுக்க மேலே ஏற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் கை விட வேண்டிய இடத்தில் கண்ணாடி நிற்கும். அப்புறம் கண்ணாடி ஏற்றும் கைப்பிடியும் உள் கைப்பிடியும். அவற்றின் ஸ்க்ரூத் தலைக்குள் பழைய பெயின்றும் அழுக்கும் இறுகியிருந்தன. சைக்கிள் கம்பி ஒன்றைக் கூராக்கி அந்தப் பள்ளத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தேன். ஸ்க்ரூ டிறைவரை நேராக வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. பிறகு முதலில் இறுக்கும் பக்கம் கொஞ்சம் திருப்பி, அது அசைந்த பிறகே கழற்றும் பக்கம் திருப்பினேன். எடுத்தவுடனே கழற்றும் பக்கம் முறுக்கினால் தலை தேய்ந்துவிடும். தேய்ந்த ஸ்க்ரூவைத் துளைபோட்டு எடுப்பது தனி வேலை.

கதவின் உள் அட்டையில்தான் எனக்கு அதிக பயம் இருந்தது. அறுபது வருடத்து அட்டை; ஈரம் பட்டுக் கீழ் ஓரம் பிட்டு மாதிரி உதிர்ந்துகொண்டிருந்தது. இரும்பால் நெம்பினால் அட்டையைப் பிடித்திருக்கும் கிளிப் கதவிலேயே நிற்க, அட்டை கிழிந்துவரும். பனஞ்சிலாகையில் தட்டையாக ஓர் ஆப்புச் சீவி, ஒவ்வொரு கிளிப்புக்கும் பக்கத்தில் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினேன். எல்லாம் முழுதாக வந்தன.

வெளிக் கைப்பிடி வார்ப்பு உலோகம், மேலே குரோம் முலாம். பலவந்தம் அதற்கு ஆகாது. பின்னால் உள்ள இறுக்கிகளில் மண்ணெண்ணெய் தடவி ஓரிரவு ஊற விட்டேன். (90களின் பொருளாதாரத் தடைக்குள் இந்த ஊர்க் கார்கள் ஓடியதே மண்ணெண்ணெயில்தான். அந்தக் காலத்தைத் தாண்டி வந்த காருக்கு இது பழகிய எண்ணெய்.) அடுத்த நாள் ஸ்பனருக்கு மறுப்புச் சொல்லாமல் இளகியது. பிரித்தானியக் கார் என்பதால் அங்குல அளவு ஸ்பனர் வேண்டும். 7/16 கையில் இல்லாவிட்டால் 11 மில்லிமீற்றர் ஏறக்குறையப் பொருந்தும். இறுகிய நட்டில் மட்டும் அதை நம்ப வேண்டாம்.

கைப்பிடியை எடுத்ததும் அதன் கீழிருந்த இரப்பர் கல்லாக இறுகிக் கிடந்தது. அதற்கடியில் காரின் முதல் நிறம், ஒரு விரல் அகலத்துக்கு, வெயில் படாமல் அப்படியே இருந்தது. புது நிறத்தை அதை வைத்துத்தான் தெரிவுசெய்தோம். பழைய இரப்பரை அச்சாக வைத்து சைக்கிள் ரியூப்பில் புதியவை வெட்டிக்கொண்டேன்.

பொனற்றின் நடுக் குரோம் பட்டியும் எழுத்துகளும் சுலபம். பொனற்றைத் திறந்தால் பின்பக்கம் எட்டும். கார் திரும்பும் பக்கத்தைக் காட்ட, முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவிலுள்ள தூணிலிருந்து நீளும் சிக்னல் கையை வயர் கழற்றி எடுத்துத் துணியில் சுற்றி வைத்தேன். 1961-இல் இந்த மொடலுக்கு மினுக்கு விளக்கு வந்து அதை ஒழித்துவிட்டது. இது உடைந்தால் கார்ச் சாமான் கடைகள் நிறைந்த கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினாலும் கிடைப்பது சந்தேகம். ஸ்க்ரூக்கள் கதவு வாரியாக யோகட் கப்புகளில் போயின. ஒவ்வொரு படியையும் போனில் படம் எடுத்தேன்.

எண்ணெய் பட்ட இடத்தையெல்லாம் மண்ணெண்ணெய் வாசம் போகும்வரை தின்னரால் துடைக்க வேண்டும். கொஞ்சம் மிஞ்சினாலும் புதுப் பெயின்ற் அந்த இடத்தில் பிடிக்காமல் குழி குழியாக விலகும். துளைகளின் விளிம்புக் கறளைச் சுரண்டி, பிறைமரைச் சின்னத் தூரிகையால் துளைக்குள்ளும் தடவினேன். ஸ்பிறே அந்த விளிம்புக்குள் சரியாக எட்டாது. கதவின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் மண்ணால் அடைபட்டிருந்தன. ஈர்க்கால் குத்தித் திறந்தேன்.

பெயின்ற் நன்றாக இறுகும்வரை கைப்பிடிகளைத் தொடவில்லை. அவசரப்பட்டுப் பூட்டினால் இரப்பரின் தடம் பதிந்துவிடும். பூட்டிய பிறகு கதவைத் திறந்தபடியே வைத்து, பூட்டின் நாக்கை ஸ்க்ரூ டிறைவரால் மூடும் நிலைக்குத் தள்ளி, வெளிக் கைப்பிடியின் பொத்தானை அழுத்தினேன். நாக்கு துள்ளித் திறந்த பிறகுதான் கதவைச் சாத்தினேன், அட்டையையும் பூட்டினேன்.