விக்கிப்பீடியா ஏபிஐ ஸ்கிரிப்டை பைத்தான்ல இருந்து கோவுக்கு மாத்தின கதை

தமிழ் விக்கிப்பீடியால எந்தத் தலைப்புக்குக் கட்டுரை இருக்கு, எதுக்கு இல்லனு பாக்க பைத்தான்ல ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வச்சிருந்தேன், விக்கிப்பீடியாவோட ஏபிஐ (புரோகிராம்கள் தகவல் கேட்டு வாங்குற வழி) மூலமா கேக்கும். ஒரு ரிக்வெஸ்ட்டுக்கு 50 தலைப்பு வரைக்கும் அனுப்பலாம், பதிலா வர்ற ஜேசனை (பேரும் மதிப்பும் ஜோடி ஜோடியா இருக்கற டெக்ஸ்ட்) படிச்சு லிஸ்ட் போடும், அவ்ளோதான். நண்பர்கள் சில பேர் கேட்டாங்க, எல்லார் மெஷின்லயும் பைத்தான் போட்டுக் குடுக்கறதுக்குப் பதிலா கோ (Go) மொழில எழுதி ஒரே ஃபைலா குடுத்துடலாம்னு உக்காந்தேன். அறுபது வரி கோடு, ஒரு சாயங்காலம் போதும்னு நெனச்சேன், மூணு நாள் ஆச்சு.

முதல் தடவை ஓட்டினப்போ எல்லாமே காலி, எரரும் இல்ல. ஸ்ட்ரக்ட்ல (பதிலை ஃபீல்டு ஃபீல்டா பிரிச்சு வாங்கி வைக்கிற அமைப்பு) ஃபீல்டு பேரெல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்துல ஆரம்பிச்சிருந்தேன், அப்படி இருந்தா கோவோட ஜேசன் பேக்கேஜ் அதைத் தொடவே தொடாது. சரி, இது அரை மணி நேரத்துல பிடிபட்டுடுச்சு.

ஆளைப் படுத்தி எடுத்தது மிஸ்ஸிங்தான். நான் கேட்டுக்கிட்டிருந்தது பழைய ஃபார்மட், அதுல கட்டுரை இல்லனா அந்தப் பக்கத்துக்குள்ள மிஸ்ஸிங்னு ஒரு கீ (ஜோடியில இருக்கற பேர்) வரும், அதோட வேல்யூ (மதிப்பு) வெறும் காலி ஸ்ட்ரிங், அதாவது எழுத்தே இல்லாத டெக்ஸ்ட், கட்டுரை இருந்தா அந்தக் கீயே வராது. அதாவது கீ இருக்கா இல்லையாங்கறதுலதான் சேதியே இருக்கு. பைத்தான்ல 'கீ உள்ள இருக்கா'ன்னு ஒரு வரி எப்பவோ எழுதினது, ஏன் அப்படி எழுதினேன்னே மறந்துபோச்சு. கோவுல அதை ஸ்ட்ரிங் ஃபீல்டா வச்சேன், கீ வந்தாலும் காலி, வராட்டியும் காலி, ரெண்டும் ஒண்ணாயிடுச்சு. விளைவு, இல்லாத கட்டுரை எல்லாம் இருக்குனு லிஸ்ட்டுல வந்து நிக்குது! பாயிண்டரா (மதிப்பு இருக்கற இடத்தைச் சுட்டுறது) மாத்தினப்புறம்தான் வழிக்கு வந்துச்சு, கீ வரலனா அது nil, அதாவது எதையும் சுட்டாது.

அப்புறம்தான் டாக்குமெண்டேஷனை ஒழுங்கா படிச்சேன். ஃபார்மட்வெர்ஷன் 2னு கேட்டா மிஸ்ஸிங் நேரா ட்ரூனு வருது, பக்கங்களும் ஐடி போட்ட மேப்பா (கீ-வேல்யூ ஜோடிகளா) இல்லாம வரிசையா அர்ரேல வருது. கோவுல மேப்பைச் சுத்தினா ஒவ்வொரு தடவையும் வரிசை மாறும், பைத்தான்ல 3.7லேர்ந்து மேப் மாதிரியான டிக்‌ஷனரி வரிசையைக் காப்பாத்தும், அந்தத் தலைவலியும் இதோட போச்சு. பழைய ஸ்கிரிப்டைப் பாத்து வரிக்கு வரி மாத்தினது தப்பு, சர்வர் அனுப்புற பதிலைத்தான் முதல்ல பாத்திருக்கணும், ஸ்ட்ரக்ட்டை அதுலேர்ந்துதான் எழுதணும்.

இன்னொண்ணு, ரிவிஷன் ஐடிய (ஒவ்வொரு திருத்தத்துக்கும் இருக்கற நம்பர்) டைப் சொல்லாம இன்டர்ஃபேஸ்ல (எந்த வகை மதிப்பும் வைக்கலாம்) வாங்கியிருந்தேன், அது ஃப்ளோட்64ங்கற தசம எண் வகை ஆகி 4123456 மாதிரி நம்பர் எல்லாம் 4.123456e+06னு பிரிண்ட் ஆச்சு, இன்ட்64னு (முழு எண் வகை) போட்டதும் சரி.

கடைசியா ஒண்ணு, தமிழ்ல வேலை பாக்குறவங்க கண்டிப்பா கவனிங்க. ரொம்பச் சின்னத் தலைப்பை விட்டுடறதுக்கு ஒரு நீளக் கணக்கு இருந்துச்சு. 'தமிழ்'ங்கற சொல்லுக்கு பைத்தான்ல லென் (நீளம்) கேட்டா 5, கோவுல 15, ஏன்னா கோ பைட்டை எண்ணுது, ஒவ்வொரு யூனிகோடு குறிக்கும் மூணு பைட். யூடிஎஃப்8 பேக்கேஜ்ல ரூன் கவுண்ட் (யூனிகோடு குறிகளோட எண்ணிக்கை) கேட்டா 5 வரும். நம்ம கண்ணுக்கு மூணு எழுத்துதான், அது ரெண்டுலயும் நேரடியா கிடைக்காது.

பைத்தான் ஸ்கிரிப்டை இன்னும் அழிக்கல. 200 தலைப்பை ரெண்டுலயும் ஓட்டி, வந்த லிஸ்ட்டை டிஃப் போட்டு (வரிக்கு வரி ஒப்பிட்டு), ஒரு வரி வித்தியாசமும் இல்லனு பாத்தப்புறம்தான் ஃபைலை அனுப்பினேன்.