பெயரின் முதல் எழுத்தோடு நின்ற முகவரி

சுவிஸிலிருந்து அழைத்தவரின் குரல் தளர்ந்திருந்தது. "தம்பி, அம்மாவின் மரண அறிவித்தலைச் சொந்தக்காரர் எல்லாருக்கும் அனுப்பினேன். திறந்து பார்த்தால் வேறு யாரோ ஓர் அம்மாவின் படம் வருகிறது என்கிறார்கள்." யாழ்ப்பாணத்தின் வலிகாமத்து ஊர் ஒன்றின் சனசமூக நிலையத்துக்கு நான் அமைத்துக் கொடுத்த இணையத்தளம் அது. மன்னிப்புக் கேட்டேன். என்ன பிழை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு மாடி அறையில் எங்கள் அலுவலகம். வேர்ட்பிரஸ் கொண்டு தளங்கள் அமைப்பதே தொழில். கடைகள், கோவில்கள், பழைய மாணவர் சங்கங்கள் என்று பலரும் வருவார்கள். ஆனால் ஊர்த் தளங்களில் மக்கள் முதலில் தேடுவது மரண அறிவித்தலைத்தான். ஊரில் பாதிப் பேர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கும்போது செத்தவீட்டுச் செய்தி போய்ச் சேரும் வழி அதுவே. அதில் பிழை வந்தால் சின்னப் பிழை என்று ஒதுக்க முடியாது.

அன்றிரவு நிரலைத் திறந்து வாசித்தேன். வேர்ட்பிரஸ் கட்டற்ற மென்பொருள். 2003 மே மாதம் முதற் பதிப்பு வந்த நாள் தொட்டு அதன் மூலநிரலை எவரும் திறக்கலாம், திருத்தலாம், பகிரலாம். இந்த உரிமையைப் பற்றிக் கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். அதன் பெறுமதி அந்த இரவில்தான் எனக்கு உறைத்தது. பூட்டிய மென்பொருளாக இருந்திருந்தால் எங்கோ ஒரு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதிவிட்டுக் காத்திருந்திருப்பேன்.

காரணம் வெறும் கணக்கு. ஒரு பதிவின் தலைப்பிலிருந்து அதன் முகவரி உருவாகிறது. தரவுத்தளத்தில் அந்த முகவரிக்கு 200 இடங்கள் உண்டு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஓர் இடம் போதும். ஒருங்குறியில் (யூனிகோட்) தமிழ்க் குறி ஒன்று மூன்று பைட்டு. முகவரிக்குள் போகும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு சேர்ந்து மூன்று இடம் பிடிக்கும். ஆக, ஒரு குறிக்கு 9 இடம். 'கி' என்பது நமக்கு ஓரெழுத்து, கணினிக்கு ககரமும் இகரக் குறியுமாக இரண்டு. ஆகவே 18 இடம். மொத்தம் 22 குறிகளோடு முகவரி முடிந்துவிடும்.

இனித் தலைப்பைப் பாருங்கள். 'மரண அறிவித்தல்' 13 குறிகள். 'திருமதி' 7. இடைவெளிகளையும் கழித்தால் இறந்தவரின் பெயருக்கு மிஞ்சுவது ஒரே ஒரு குறி. சரஸ்வதி, சிவபாக்கியம், செல்லம்மா மூவரும் வெறும் 'ச' ஆகிவிடுகிறார்கள். முகவரி இரண்டு தடவை வரக்கூடாது என்பதால் அடுத்தடுத்தவர்களுக்கு 2, 3 என்று இலக்கம் ஒட்டப்படும். சுவிஸ்காரர் நகல் எடுத்தபோது அந்தக் கடைசி இலக்கம் தவறிவிட்டது. முதலாவது 'ச' திறந்துகொண்டது. வங்காளமும் இந்தியும் எழுதுகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான். இதை எழுதியவர்கள் எவர்மீதும் எனக்குக் கோபம் வரவில்லை. 200 இடம் அவர்களுடைய மொழிக்குத் தாராளம். அந்த வரியைத் தமிழ்த் தலைப்போடு ஓட்டிப் பார்க்க அருகில் ஆளில்லை, அவ்வளவுதான்.

பதிவு சேமிக்கப்படும் கணத்தில் நம்முடைய கட்டளையை நுழைக்க வேர்ட்பிரஸ் வாசல் வைத்திருக்கிறது; ஹூக் என்போம். அதைப் பிடித்து ஒரு சிறு செருகுநிரல் (பிளகின்) எழுதினேன். முதலில் இறந்த தேதியையும் பதிவு எண்ணையும் மட்டும் முகவரியாக வைத்தேன். நிலையத்தின் செயலாளர், நாங்கள் மாஸ்ரர் என்று அழைக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர், ஒப்பவில்லை. "ஆளின் பெயர் இல்லாமல் என்ன முகவரி தம்பி?" என்றார். அவர் சொன்னது சரி. பொதுச் சொற்களை நீக்கி, பெயரை முன்னால் வைத்து, எண்ணைப் பின்னால் போட்டேன். முகவரி அரைகுறையாக வந்தால் அதே தொடக்கம் உள்ள பதிவை ஊகித்துத் திறப்பது வேர்ட்பிரஸின் வழக்கம். இப்போது வால் அறுந்தாலும் அந்த ஊகம் பெரும்பாலும் உரியவரிடமே கொண்டுபோகிறது.

 

செருகுநிரலைப் பொதுவில் வெளியிட்ட பிறகுதான் மொழிபெயர்ப்புப் பக்கம் போனேன். வேர்ட்பிரஸில் தமிழுக்கு ஒன்று, இலங்கைத் தமிழுக்கு ஒன்று என இரண்டு தொகுதிகள் இருக்கின்றன. கணக்குத் திறந்த எவரும் சொற்றொடரை முன்மொழியலாம். பொறுப்பிலிருக்கும் தொகுப்பாளர் ஏற்றால் அது வெளியாகும். இலகுவான வேலை என்று நினைத்து இறங்கினேன். வேற்றுமை உருபு என்னை நிறுத்தியது. ஆங்கிலத்தில் ஒரு வெற்றிடம் விட்டு அதன் முன்னால் முன்னிடைச்சொல்லைப் போட்டால் எந்த ஊர்ப் பெயரும் பொருந்திவிடும். தமிழில் வெற்றிடத்துக்குப் பின்னால் 'இல்' போட்டால் திரையில் 'யாழ்ப்பாணம் இல்' என்று வந்து நிற்கும். யாழ்ப்பாணத்தில் என்று எழுத மென்பொருளுக்குச் சாரியை தெரியாது. வாக்கியத்தையே திருப்பிப் போட வேண்டும்: 'பகுப்பு:' என்று எழுதிவிட்டுப் பெயரை எழுவாய் வடிவிலேயே விட்டுவிடலாம். ஒரே வரிக்காக ஒரு மாலை முழுவதும் போன நாட்கள் உண்டு. அவை வீணான மாலைகள் என்று நான் எண்ணவில்லை. சொல்லுக்குச் சொல் பெயர்த்து வைத்த மெனுப் பட்டியைப் பார்த்து ஊர்ப் பெரியவர் ஒருவர் ஆங்கிலத்துக்கே திரும்பிவிட்டதை நேரில் கண்டவன் நான்.

வேர்ட்பிரஸின் மைய நிரலில் என் கைவண்ணம் என்று சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. மற்றவர்கள் எழுதும் திருத்தங்களைத் தமிழ்த் தலைப்புகளோடு சோதித்து, எங்கே உடைகிறது என்று எழுதுவேன். அந்த நிரலை எழுதுவோரின் புதன்கிழமை இணையவழிக் கூட்டம் அந்நாட்களில் உலகப் பொது நேரம் இரவு 8 மணிக்கு நடந்தது. இங்கே அப்போது அதிகாலை 1.30. தூங்காமல் விழித்திருந்து, கேட்க வேண்டியதைக் கேட்டேன். 2022 பங்குனியில் மின்வெட்டு 13 மணி நேரம் வரை நீண்ட நாட்களில், மின்சாரம் இருக்கும் நேரத்தைப் பார்த்து மடிக்கணினிக்கு மின்னேற்றி வைத்துச் சோதித்தேன்.

மாஸ்ரரும் நானும் பழைய அறிவித்தல்களை ஒவ்வொன்றாகத் திறந்து முகவரியை மாற்றினோம். பழைய முகவரியையும் வேர்ட்பிரஸ் நினைவில் வைத்துப் புதியதற்கு அனுப்பிவிடும் என்பதால் சேமித்து வைத்திருந்தவர்களுக்கு இழப்பில்லை. மாஸ்ரர் ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டு வாசித்தார். சிலரை அவருக்குத் தெரிந்திருந்தது. சுவிஸ்காரரின் தாயாருக்கு வந்தபோது புதிய முகவரியை அவருக்கு அனுப்பிவைத்தேன். ஒரு வரியில் பதில் வந்தது: "அம்மாவின் படம் வருகிறது, தம்பி."