செம்பருத்தி வீட்டுக்குள் வந்த கதை

மொட்டை மாடியில் ஜோராகப் பூத்துக்கொண்டிருந்த செம்பருத்தித் தொட்டியைக் கூடத்துக்குக் கொண்டுவந்தேன். ஒரே வாரத்தில் மொட்டெல்லாம் உதிர்ந்தது, இலையும் மஞ்சள். தாகமோ என்று இன்னும் தண்ணீர் ஊற்றினேன் பாருங்கள், அதுதான் தப்பு. வெளிச்சம் குறைந்தால் செடி குடிக்கும் தண்ணீரும் குறையும்.

அப்புறம் வெயில் நேராக விழும் ஜன்னலோரம் மாற்றினேன். மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, மேலே காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். புதுத் தளிரில்தான் பூ வரும் என்பதால், மனதைக் கல்லாக்கிக்கொண்டு நீண்ட கிளைகளை வெட்டினேன். இலைக்கணுவில் பஞ்சு மாதிரி அப்பியிருந்த மாவுப்பூச்சியை ஈரத்துணியால் துடைத்தது தனிக் கதை.

இன்று காலை ஒரு பூ! பெரும்பாலும் ஒரு நாள் ஆயுசுதான், சாயங்காலம் சுருள ஆரம்பித்துவிடும். அதனால் வேலையை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.